கொல்வின் ஆர். டி சில்வாவும் வெவெஸ்ஸ எழுப்பிய வினாவும்

தமிழ் பேசும் மக்களின் நினைவில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா இரு முகங்களுடன் வாழ்கிறார். மொழி ஒன்றானால் நாடு இரண்டாகும் என்று ஐம்பதுகளில் எச்சரித்தவரும் அவரே. சிறுபான்மையினரின் காப்பாகக் கருதப்பட்ட சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு இடமளிக்காத 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பைச் சமர்ப்பித்தவரும் அவரே. எனினும் ஊவாவின் தோட்டங்களிலிருந்து நோக்கினால், அவரது வாழ்வு இன்னொரு வினாவையும் எழுப்புகிறது. நிலத்தில் வாழ்ந்து உழைப்போருக்கு அந்நிலத்தின் நிர்வாகத்தில் பங்குண்டா என்பதே அது.

1907இல் பலப்பிட்டியில் பிறந்த கொல்வின், இலண்டனில் வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்று, நாடு திரும்பிச் சட்டத்துறையில் புகழீட்டினார். 1935இல் உதயமான லங்கா சமசமாஜக் கட்சியின் முதலாவது தலைவரானார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டபோது, விசாரணை ஆணைக்குழுவின் முன் அவரது குடும்பத்தினர் சார்பில் வாதாடினார்.

அதே ஆண்டில் வேலைநிறுத்த அலை ஊவாவையும் தழுவியது. பதுளையை அண்டிய வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தனர். அச்சபையைக் கலந்தாலோசித்தே செயற்படுவதாகத் தோட்டத்துரை உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதப் பொலிஸாரைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர். ஆனால் பெருவெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கும் மேலாக ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த வேளையில், பொலிஸ் அடக்குமுறை அப்போராட்டத்தை முறியடித்தது. ஜூன் மாதத்தில் கொல்வினும் தோழர்களும் சிறையிலடைக்கப்பட்டனர். 1942 ஏப்ரலில் சிறையிலிருந்து தப்பி அவர் இந்தியா சென்றார்.

சுதந்திரத்தின் பின் நாடாளுமன்றத்தில் அமர்ந்த அவர், மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தார். 1970இல் ஐக்கிய முன்னணி அரசில் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராகவும் அரசியலமைப்பு விவகார அமைச்சராகவும் பொறுப்பேற்றார். வெவெஸ்ஸ வினாவுக்கு விடையளிக்கும் அதிகாரம் இப்போது அவர் கையில் இருந்தது.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணி உடைமைக்கு எல்லை வகுத்தது. கம்பனித் தோட்டங்கள் அதற்கு வெளியே நின்றன. அவற்றையும் அரசுடைமையாக்கும் காலம் கனிந்தபோது, அவை கொல்வினின் அமைச்சின் கீழ் வருவதா, ஹெக்டர் கொப்பேகடுவவின் விவசாய, காணி அமைச்சின் கீழ் வருவதா என்ற பிணக்கு மூண்டது. 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. மறு மாதமே கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின.

இரு அமைச்சுகள் போட்டியிட்ட அக்காணிகளில் தலைமுறைகளாக வாழ்ந்தோரில் மிகப்பெரும்பாலோர் அப்போது வாக்குரிமை அற்றவர்கள். எனவே அவர்களின் கருத்தை அறியவேண்டிய தேவை எந்த அமைச்சருக்கும் எழவில்லை. 1974இல் பட்டினிச் சாவுகளைக் கண்ட லயங்களுக்கு, அரசுடைமை என்பது முதலாளி மாறிய செய்தியாகவே வந்து சேர்ந்தது. கொல்வின் நேர்மையற்றவர் என்பதல்ல இதன் பொருள். அரசின் உடைமையும் மக்களின் பங்கேற்பும் ஒன்றே என அவரது தலைமுறை நம்பியதே குறைபாடாகும்.

1989 பெப்ரவரி 27இல் கொல்வின் காலமானார். 1992இல் அத்தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. குத்தகை 2045 வரை நீளுகின்றது. காணி இன்னமும் அரசினுடையதே. மண்சரிவு அபாயம் பற்றி ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. பாதுகாப்பான நிலம் எங்கே, எப்போது என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் அம்மக்களுக்கு ஆசனம் இருந்திருக்குமாயின், அந்த எச்சரிக்கை ஏட்டுச்சுரைக்காயாய் முடிந்திராது.

குத்தகை நீடிப்பு, வீடமைப்பு, மண்சரிவு அபாயப் பகுதிகளிலிருந்து மீள்குடியேற்றம் என எதைத் திட்டமிடினும், தோட்ட மக்கள் தெரிவு செய்த பிரதிநிதிகள் தீர்மானத்தில் பங்கேற்க வேண்டும். வெவெஸ்ஸ தொழிலாளர் 1940இலேயே காட்டிய வழி அது. கொல்வினை நினைவுகூருவோர் அதையும் நினைவுகூருதல் நன்று.