அர்தேசிர் கோத்ரெஜ்

அர்தேசிர் புர்சோர்சி கோத்ரெஜ் (மார்ச் 26, 1868 - சனவரி 1936) இந்தியத் தொழில் முனைவோரும் பூட்டு வடிவமைப்பாளரும் ஆவார். கோத்ரெஜ் தொழிற்குழுமத்தைத் தம் தம்பி பிரோச்சா கோத்ரெஜுடன் இணைந்து உருவாக்கியவர். வழக்குரைஞராகத் தொடங்கிய இவர், அத்தொழிலைக் கைவிட்டுப் பூட்டு, இரும்புப் பெட்டகம், சவர்க்காரம் ஆகியவற்றின் உற்பத்தியில் ஈடுபட்டார்.

இளமையும் குடும்பமும்

அர்தேசிர் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் ஆறு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். 1890 ஆம் ஆண்டில் பச்சுபாய் என்பவரை மணந்தார். மறு ஆண்டே பச்சுபாயும் அவரது உறவினரான மற்றொரு இளம்பெண்ணும் பம்பாயின் இராசாபாய் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்தனர். நாடெங்கும் பேசப்பட்ட துயர நிகழ்வு இது. அர்தேசிர் அதன் பின்னர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குப் பிள்ளைகளும் இல்லை.

வழக்குரைஞர் பணி

சட்டம் பயின்ற அர்தேசிர் 1894 ஆம் ஆண்டில் ஒரு வழக்கிற்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாருக்கு அனுப்பப்பட்டார். கட்சிக்காரருக்காகத் தாம் உண்மை என்று உறுதியாக அறியாத ஒன்றை வாதிட அவர் இசையவில்லை. வழக்கிலிருந்து விலகி இந்தியா திரும்பினார். பின்னர் நீதிமன்றத் தொழிலுக்கு அவர் செல்லவே இல்லை.

முதல் முயற்சியும் தோல்வியும்

நாடு திரும்பிய அர்தேசிர் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராகப் பணியாற்றினார். அங்கிருந்தபோது அறுவை மருத்துவக் கருவிகள் செய்யும் எண்ணம் தோன்றியது. தந்தையின் நண்பரான மெர்வாஞ்சி காமாவிடம் 3000 ரூபாய் கடன் பெற்று அத்தொழிலைத் தொடங்கினார். கருவிகளின் தரத்தில் குறை காணப்படவில்லை. ஆனால் அவற்றை வாங்கவிருந்த ஆங்கிலேய நிறுவனத்தார், இந்தியாவில் செய்யப்பட்டது என்ற முத்திரை இருந்தால் விற்பனையாகாது எனக் கூறி, அதனை நீக்கக் கேட்டனர். அர்தேசிர் மறுத்துவிட்டார். தொழில் அத்துடன் நின்றது.

பூட்டுத் தொழில்

அக்காலத்தில் பம்பாயில் நடந்த திருட்டுகள் பற்றிய நாளிதழ்ச் செய்தி அர்தேசிரின் கவனத்தைப் பூட்டுகளின் பக்கம் திருப்பியது. அப்போது நல்ல பூட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தன. அலிகார், திண்டுக்கல் போன்ற ஊர்களின் பூட்டுகள் கையால் செய்யப்பட்டவை. இயந்திரங்களின் துணையுடன், ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறவாத பூட்டுகளைச் செய்ய அர்தேசிர் விரும்பினார். மீண்டும் காமாவின் உதவியுடன், 1897 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலால்பாக் பகுதியில் ஒரு சிறு கொட்டகையில் சுமார் 12 தொழிலாளர்களுடன் பட்டறை தொடங்கப்பட்டது. பாய்ஸ் என்பவர் சிறிது காலம் பங்குதாரராக இருந்து விலகினார். கோத்ரெஜ் அண்டு பாய்ஸ் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பூட்டுகளின் செயல்முறை

அக்காலத்துச் சிறந்த பூட்டுகள் நெம்புதகட்டு (லீவர்) வகையின. இவ்வகையில் பல தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்திற்குத் தூக்கினால் மட்டுமே தாழ் நகரும். தகடு குறைவாக உயர்ந்தாலும் கூடுதலாக உயர்ந்தாலும் பூட்டு திறவாது. தகடுகளைக் கீழே அழுத்தும் சுருள்வில் உடைந்தால் பூட்டு பயனற்றுப் போகும். இக்குறையை நீக்க அர்தேசிர் சுருள்வில் இல்லாத பூட்டை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார்.

அவருடைய வேறு இரு வடிவமைப்புகளும் குறிப்பிடத்தக்கவை. ஒன்றில், இரு சாவிகளுள் ஒன்றைக் கொண்டு பூட்டின் உள்ளமைப்பையே மாற்றி, மற்றச் சாவியைப் பயனற்றதாக்கலாம். மற்றொன்றில், தவறான சாவியை நுழைத்தால் ஒரு தாழ் விழுந்து, யாரோ திறக்க முயன்றதை உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும். இத்தகைய உளவறியும் பூட்டை இங்கிலாந்தின் சப் நிறுவனத்தார் 1818 ஆம் ஆண்டிலேயே உருவாக்கியிருந்தனர்.

அர்தேசிர் மகிழுந்துப் பூட்டுகளைச் செய்தவர் அல்லர். எனினும், இன்றைய மகிழுந்துப் பாதுகாப்பு இதே இரு கருத்துகளையே பின்பற்றுகிறது. சாவி தொலைந்தால் அதன் மின்னணுக் குறியீட்டை வண்டியின் நினைவகத்திலிருந்து நீக்கிவிடுவது முதல் கருத்து. அத்துமீறலை உடனே அறிவிக்கும் எச்சரிக்கை ஒலிப்பான் இரண்டாவது.

பெட்டகமும் சவர்க்காரமும்

1902 ஆம் ஆண்டு முதல் இரும்புப் பெட்டகங்கள் செய்யப்பட்டன. திருட்டுடன் தீயையும் தாங்குவதே அவற்றின் நோக்கம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நிகழ்ந்த பெரும் வெடிவிபத்தில் கோத்ரெஜ் பெட்டகங்களின் உள்ளிருந்த பொருட்கள் தப்பியது அவற்றிற்குப் பெரும் புகழைத் தந்தது. தமிழ்நாட்டில் எந்த நிறுவனத்தின் இரும்பு அலமாரியையும் கோத்ரெஜ் பீரோ என்று சொல்லும் வழக்கமும் உண்டு.

விலங்குக் கொழுப்பின்றி, தாவர எண்ணெயால் ஆன குளியல் சவர்க்காரத்தையும் அர்தேசிர் உருவாக்கினார். 1918 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பெயர் சாவி என்பதாகும்.

கொள்கைகள்

அர்தேசிர் சுதேசிக் கொள்கையை ஆதரித்தார். திலகர் சுயராச்சிய நிதிக்கு 3 இலட்சம் ரூபாய் வழங்கினார். ஆனால் உள்நாட்டுப் பொருள் என்பதற்காகத் தரக்குறைவை மக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. அயல்நாட்டுப் பொருளைத் தரத்தால் வெல்ல வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

இறுதிக் காலம்

தொழிற்பொறுப்புகளைப் பிரோச்சாவிடம் ஒப்படைத்துவிட்டு அர்தேசிர் நாசிக் சென்று வேளாண்மையில் ஈடுபட்டார். அம்முயற்சி பெரிய வெற்றியைத் தரவில்லை. 1936 சனவரியில் காலமானார். விடுதலைக்குப் பின் 1951-52 இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு, அவர் தொடங்கிய நிறுவனம் 12 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குப் பெட்டிகளைச் செய்து வழங்கியது.