பாட்டி காத்த தூரிகை

ஷெல்ட் நதிக்கரையில் ஆண்ட்வெர்ப் என்று ஒரு பட்டணம். இன்றைய பெல்ஜியம் நாட்டில் இருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய வியாபாரத் துறைமுகம் அது. இந்திய மிளகு லிஸ்பன் வழியாக அங்கே வந்து இறங்கியது. இங்கிலாந்திலிருந்து துணி வந்தது. கடைவீதியில் பல மொழிகள் கேட்டன.

இந்தப் பட்டணத்தில் பெயர் எடுத்த ஓவியர் பீட்டர் புரூகல். 1525-க்கும் 1530-க்கும் இடையில் பிறந்தவர். 1551-ல் ஆண்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு இத்தாலிக்குப் போனார். ரோமாபுரியின் பழைய கட்டடங்கள் அவர் மனதில் பதிந்தன.

ஊர் திரும்பிய புரூகல், ஒரு படக்கடைக்குச் சித்திரங்கள் வரைந்து கொடுத்துப் பிழைத்தார். அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள்.

வானளாவிய கோபுரம்

1563-ல் அவர் தீட்டிய படம் 'பாபேல் கோபுரம்'. வானத்தைத் தொடும் கோபுரம் கட்ட மனிதர்கள் முயன்றார்கள், கடவுள் அவர்கள் மொழியைக் குழப்பினார், வேலை நின்றது. இது பைபிள் கதை.

ஆனால் படத்தில் இருப்பது அவர் அறிந்த உலகம். கோபுரத்தின் அடியில் துறைமுகம். அங்கே கப்பல்கள் நிற்கின்றன. பெரிய சக்கரத்துக்குள் ஆட்கள் நடக்க, பாரந்தூக்கி கல்லை உயர்த்துகிறது. பின்னால் நெருக்கமாக வீடுகள். இத்தனையும் சுமார் 5 அடி அகலப் பலகையில் அடங்கிவிட்டன! படம் வியன்னா நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

நெருப்பில் போன படங்கள்

அதே ஆண்டில் புரூகலுக்குத் திருமணம் நடந்தது. மனைவி மேகன், ஓவியர் வீட்டுப் பெண். தம்பதிகள் பிரசெல்ஸ் நகரில் குடியேறினார்கள். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தனர்.

காலம் கெட்டிருந்தது. நாட்டை ஆண்டவர் ஸ்பெயின் மன்னர். மதச் சண்டை மூண்டது. 1567-ல் ஆல்பா பிரபு படையுடன் வந்து, பலருக்கு மரண தண்டனை விதித்தார்.

1569-ல் புரூகல் மரணப் படுக்கையில் விழுந்தார். குத்தலான வாசகங்கள் எழுதிய சில சித்திரங்கள் வீட்டில் இருந்தன. அவற்றால் மனைவிக்குத் தொல்லை வருமோ என்று அஞ்சினார். அவற்றை எரித்துவிடும்படி அவளிடமே சொன்னார் என்று 1604-ல் வெளிவந்த ஓவியர் வரலாறு கூறுகிறது.

அவர் இறந்தபோது இளைய மகன் யான், ஒரு வயதுக் குழந்தை. 1578-ல் தாயும் இறந்தாள்.

பிள்ளைகளைத் தாயின் தாயார் அணைத்துக்கொண்டார். அவரும் ஓவியர்தான். பேரன் யானின் கையில் முதலில் தூரிகை கொடுத்தவர் அந்தப் பாட்டியே.

மூத்த மகன், தந்தையின் படங்களைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைந்தார். யான் 1598-ல் ஒரு பெரும் துறைமுகக் காட்சியைத் தீட்டினார். கப்பல்கள், மீன் சந்தை, கும்பல் கும்பலாக மக்கள்! மியூனிக் நகரில் அதை இன்றும் காணலாம்.

தகப்பன் முகம் அந்தப் பிள்ளைக்கு நினைவிருக்க வழியில்லை. தகப்பனின் தொழில் மட்டும் பாட்டியின் கை வழியாக அவரிடம் வந்து சேர்ந்தது.