ஞானதீபக் கவிராயர்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருக்கு வாய்த்த பட்டங்கள் பல. சுவிசேடக் கவிராயர் என்றும் வேதசிரோமணி என்றும் அவரைப் போற்றினர். அவற்றுள் ஞானதீபக் கவிராயர் என்னும் பட்டமே அவர்தம் பாடல்களின் உட்பொருளைத் தொட்டு நிற்பது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரை மயங்குவோர் இன்றும் உளர். பிள்ளையவர்கள் பிறந்த 1826ஆம் ஆண்டில் சாஸ்திரியார் ஐம்பதைக் கடந்த முதுபெரும் புலவர்.

ஒளியும் ஓயாத வழிபாடும் கிறித்தவ மறையில் பிரிக்க முடியாதவை. இசுரவேலரின் ஆசாரிப்புக் கூடாரத்தில் மாலை தொடங்கி விடியும்வரை விளக்கு எரியவேண்டும், அதற்கெனத் தூய ஒலிவ எண்ணெய் கொண்டுவரவேண்டும் என்று மோசேயின் ஆகமம் விதித்தது. காவிரி நாட்டார்க்கு இது புதுமையன்று. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அவற்றினின்று நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்று சோழர் கல்வெட்டுகள் கணக்கிட்டு வைத்துள்ளன. விளக்கை ஏற்றுதல் ஒருநாட் செயல்; நெய் வார்த்தலோ நாட்கடன். சாஸ்திரியாரின் நெடுவாழ்வு அந்த நாட்கடனாகவே கழிந்தது.

1774 செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் தேவசகாயம் பிள்ளையின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்த சிறுவனைப் பன்னிரண்டாம் வயதளவில் சுவார்ட்சு ஐயர் தஞ்சைக்கு அழைத்து வந்தார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் அதே பெரியவரின் காவலில் வளர்ந்தவர். இருவரிடையே அமைந்த நட்பு இறுதிவரை நிலைத்தது. வேதநாயகர் தரங்கம்பாடியில் ஜான் ஐயர் முதலியோரிடம் மறைநூலோடு வானநூலும் கணிதமும் உடற்கூறும் பயின்று மீண்டார். இருபது வயதை ஒட்டித் தஞ்சைப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். 1798இல் சுவார்ட்சு ஐயர் மறைந்தார். அவ்வாண்டே சரபோஜி அரியணை ஏறினார்.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பிறந்தது பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி கோயில் முற்றத்தில் ஆடப்பட்ட கூத்து. உலாப் போகும் தலைவனைக் கண்டு தலைவி மயங்குவாள். குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள். அவளைத் தேடிச் சிங்கன் அலைவான். இச்சட்டகத்தில் எதையும் கழிக்காமல் பொருளை மட்டும் மாற்றினார் சாஸ்திரியார். தலைவி தேவமோகினி கிறித்துவை நாடும் திருச்சபை. குறி சொல்லும் சிங்கி விசுவாசம். பறவைக்கு விரித்த வலை நற்செய்தி. புலவர்கள் ஊன்றி நோக்கத்தக்க இடம் ஒன்று இதில் உண்டு. பெத்லகேம் என்றவுடன் ஞானியர்க்கு வழிகாட்டிய விண்மீனே நினைவில் எழும். இவரோ அம்மீனோடு நில்லாமல், கதிரவன் நடுவிருக்கக் கோள்கள் அதனைச் சுற்றிவரும் புதிய வானநூலையே கூத்துப் பாட்டுக்குள் கொணர்ந்தார். வானத்து ஒளியின் ஒழுங்கை அறிவதும் படைத்தவனைத் துதிப்பதும் அவருக்கு ஒரே தொழில்.

ஞானத்தச்ச நாடகம் நோவாவின் பேழையைப் பாடுவது. செபமாலை என்னும் தொகுப்பு கத்தோலிக்கர் உருட்டும் மணிமாலை அன்று. மன்றாட்டுப் பாடல்களால் தொடுத்த மாலை. இவற்றை ஏட்டில் எழுதி வைத்ததோடு அவர் அமையவில்லை. கதாகாலட்சேப முறையில் ஊர்தோறும் பாடி விளக்கினார். பெருவுடையார் மீது ஒரு குறவஞ்சி பாடுமாறு சரபோஜி வேண்டியபோது பணிவோடு மறுத்தார் என்றும், அரசர் அதன்பொருட்டுச் சினங்கொள்ளவில்லை என்றும் அவர் மரபினர் கூறுவர்.

அரசரால் வராத இடர் சொந்தச் சபைக்குள்ளிருந்து வந்தது. 1820களில் வந்த புதிய குருமார் பழைய ஒழுங்குகளை மாற்ற முற்பட்டனர். சாஸ்திரியார் நான்கு கொடுமைகள் என்று எண்ணிக் கண்டித்தார்: வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தியது, விழாக்களில் மலர்களை விலக்கியது, தமிழ்க் கீர்த்தனைகளையும் இசையையும் ஆலயத்தினின்று நீக்கியது, நற்கருணைப் பந்தியில் சாதி வேற்றுமையை ஒழிக்க முனைந்தது. முதல் மூன்றில், சிறப்பாக இசையின் பொருட்டு, அவர் பக்கம் நிற்காத தமிழ்ப் புலவர் அரியர். நான்காவதில் அவர் பக்கம் நிற்பதற்கில்லை. சாதி ஒழுங்கைக் காத்து 1829இல் தனி நூலே எழுதினார். இதனை அவர்தம் காலத்தின் குறை என்று சொல்லி மூடிவிடுவது எளிது. ஆயின் அதே காலத்தில், அதே ஊர்ச் சபையில், ஒரே கிண்ணத்தில் பருகும் உரிமைக்குக் காத்துநின்றோரும் இருந்தனர். விளக்கடியில் இருள் என்னும் பழமொழி ஞானதீபக் கவிராயருக்கும் பொருந்தியது.

திருச்சபைப் பணியினின்று அவர் நீக்கப்பட்டார். நண்பர் சரபோஜி அவரை அரண்மனைப் புலவராக ஏற்று ஊதியம் வழங்கினார். சைவ வைணவப் புலவர் நிறைந்த மராட்டிய அவையில் கிறித்துவைப் பாடுவதற்கு ஒரு கவிஞர் அரசரின் பொருள் பெற்றது தமிழிலக்கிய வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது. 1832இல் சரபோஜி மறைந்தார். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என ஆணையிட்டார்; தஞ்சையில் பலர் விலகிச் சென்றனர். 1855இல் சிவாஜியின் மறைவோடு அரசும் முடிந்தது. புரவலர், அவை, பதவி யாவும் போனபின்னும் பாட்டுப்பணி நிற்கவில்லை. 1864 ஜனவரி 24ஆம் நாள், தொண்ணூறை நெருங்கிய வயதில், சாஸ்திரியார் காலமானார்.

அவர் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாக அக்காலட்சேபத்தை நடத்தி வந்துள்ளனர். ஒருகால் ஆலயத்தினின்று விலக்கப்பட்ட கீர்த்தனைகள் சபைப் பாட்டுப் புத்தகங்களில் ஏறின. அவர் தனியிடம் வகுக்க விரும்பிய மக்களின் வழித்தோன்றல்களும் ஞாயிறுதோறும் அப்பாடல்களைப் பாடுகின்றனர்.