மண்ணுக்குள் ஓர் உறவைக் கண்ட பிராங்க்

விவசாயம் பற்றிய கட்டுரைகளுக்காக வாசித்தபோது ஒரே பெயர் இரண்டு இடங்களில் எனக்குத் தட்டுப்பட்டது. அவரைக் குடும்பப் பயிர்களின் வேர்களில் முடிச்சுகளை உண்டாக்கும் பற்றீரியாவுக்கு 1889 இல் றைசோபியம் என்று பெயர் வைத்தவர் அவர். வேரும் பங்கசுவும் ஒன்றாகும் அமைப்புக்கு 1885 இல் மைக்கோரைசா என்று பெயர் வைத்தவரும் அவரே. ஜேர்மனியத் தாவரவியலாளர் அல்பேர்ட் பேர்ண்ஹார்ட் பிராங்க்.

1839 இல் ட்ரெஸ்டனில் பிறந்த பிராங்க், லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டு 1881 இல் பேர்லின் விவசாயக் கல்லூரிக்குப் போனார். தாவர நோய்கள் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அங்கே பிரஷ்ய அரசு அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. ட்ரஃபிள் என்னும் விலையுயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிரிட வழி காணவேண்டும். அதற்காக அவர் மரங்களின் வேர்களைத் தோண்டிப் பார்த்தார். நுனி வேர்களைப் பங்கசு உறைபோல மூடியிருந்தது. மரங்களோ நன்றாகவே இருந்தன.

வேரில் பங்கசு இருந்தால் நோய் என்றே அன்று பலரும் நம்பினர். நோய்களை நன்கறிந்த பிராங்க், இது நோயல்ல, மரத்துக்கு உணவு கொண்டுவரும் துணை என்றார். எதிர்ப்பு பலமாக இருந்தது. பங்கசு அழியும்படி சூடாக்கிய மண்ணிலும் சாதாரண மண்ணிலும் பைன் கன்றுகளை வளர்த்துக் காட்டினார். பங்கசு இருந்த மண்ணில் கன்றுகள் செழித்தன. வேரை வெளியே மூடும் வகையும் உள்ளே நுழையும் வகையும் வேறு என்று 1887 இல் பிரித்துக் காட்டினார். உழுந்து, பயறு, கச்சான் வேர்களில் இருப்பது உள்ளே நுழையும் வகை.

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருக்கவில்லை. வேர்முடிச்சுகளால்தான் அவரை இனங்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பெறுகின்றன என்று ஹெல்ரீகல் 1886 இல் அறிவித்தபோது, எல்லாச் செடிகளுக்கும் அந்த ஆற்றல் உண்டு என்று வாதாடினார். 1900 இல் பேர்லினில் காலமானார்.

அவர் பெயர் வைத்த இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இயங்குவது பிறகு தெளிவானது. பொசுபரசு மண்ணில் நகர்வது மிகக் குறைவு. வேர் எட்டாத இடத்திலிருந்து அதைப் பங்கசுவின் மெல்லிய இழைகள் கொண்டுவருகின்றன. பதிலுக்குச் செடி வெல்லம் கொடுக்கிறது. முடிச்சுகள் நைதரசனைப் பிடிக்கப் பொசுபரசு நிறையவே தேவை.

இது நமக்கும் தேவையான செய்தி. மண் அணைகளுக்காகவும் பதுங்கு குழிகளுக்காகவும் புரட்டிய காணிகளில் கீழ்மண் மேலே வந்துவிட்டது. இந்தப் பங்கசு அதிகம் வாழ்வது மேல்மண்ணில். பசளை போட்டும் உழுந்து தேறாமல் போக இதுவும் ஒரு காரணமாகலாம். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பங்கசு வளராது. ஆகவே அத்தகைய காணியை வெறுமையாக விடாமல், சோளமோ பயறோ போட்டு, உழவையும் குறைத்தால் அது மெல்ல மெல்லத் திரும்பி வரும். பொசுபேற்றுப் பசளையை அளவுக்கு மேல் கொட்டினால், செடியே அந்த உறவைக் குறைத்துக்கொள்ளும்.