விண்ணை அளந்த அறிஞர் அல்பிரூனி

டன்லப் ஸ்திரீட்டில் இருக்கும் அப்துல் கபூர் பள்ளிவாசலின் முகப்பை அண்ணாந்து பார்த்தால் ஒரு சூரியன் தெரியும். அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவரும் நம்மில் பலர் அதை நின்று பார்த்ததில்லை. ஆனால் நம் ஐவேளைத் தொழுகையின் நேரமும் சூரியனை வைத்தே கணக்கிடப்படுகிறது.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலில் இன்னொன்றைக் காணலாம். அதன் வாசல் சாலையை ஒட்டி நேராக நிற்கிறது. உள்ளே தொழும் இடமோ சாலைக்குச் சாய்வாகத் திரும்பியிருக்கிறது. காரணம் கிப்லா. சிங்கப்பூரிலிருந்து கஅபா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து சுமார் 23 பாகை வடக்கே தள்ளி இருக்கிறது.

தொழுகை நேரம், கிப்லா ஆகிய இரண்டு கணக்குகளிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்ந்து உழைத்த ஒருவரின் வரலாற்றை இப்பொன்விழா மலரில் நம் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இளமை

அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி, ஹிஜ்ரி 362 துல்ஹஜ் பிறை 3-இல், அதாவது 973 செப்டம்பரில் பிறந்தார். ஆரல் கடலுக்குத் தெற்கே குவாரிஸ்ம் நாட்டின் தலைநகராக இருந்த காத் நகரின் புறப்பகுதிதான் அவர் பிறந்த இடம். பாரசீகத்தில் பிரூன் என்றால் வெளியே என்று பொருள். நகருக்கு வெளியே பிறந்தவர் என்பதே அவர் பெயராயிற்று. இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கும் அவ்வூருக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அபூ நஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பதினேழு வயதளவிலேயே சூரியனின் உயரத்தை அளந்து காத் நகரின் அட்சரேகையைக் கண்டார். 995-இல் உள்நாட்டுப் போர் மூண்டு ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அப்படியும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 997 மே 24-இல் வந்த சந்திர கிரகணத்தைக் காத் நகரில் அவரும் பக்தாதில் அபுல் வஃபா என்ற அறிஞரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு பார்த்தார்கள். கிரகணம் எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில் நிகழ்கிறது. ஊர் நேரங்கள்தாம் வேறுபடுகின்றன. ஒரு மணி நேர வேறுபாடு என்றால் 15 பாகை தூரம். இந்த வழியில் இரண்டு நகரங்களுக்கும் உள்ள தீர்க்கரேகை வேறுபாட்டைக் கண்டார்கள்.

கிரேக்கர்கள் சொன்ன வானம்

அக்காலத்தில் வானியல் படிக்க விரும்புகிறவர் கிரேக்கர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். அப்பாசியக் கலீஃபாக்கள் காலத்தில் அவர்களுடைய நூல்கள் பக்தாதில் அரபு மொழிக்கு வந்துவிட்டன.

பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் தந்த ஒரு சான்றை நம் குடும்பங்களே சோதித்துப் பார்க்கலாம். வடக்கிலிருந்து தெற்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் தாழ்ந்துகொண்டே வரும். நாகூரில் அது அடிவானத்துக்கு மேல் 11 பாகை அளவில் நிற்கும். கடையநல்லூரில் 9 பாகை. சிங்கப்பூரில் ஒன்றரைப் பாகை அளவுதான். அடுக்குமாடிகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். பூமி தட்டையாக இருந்தால் இப்படி நடக்காது.

அரிஸ்டாட்டில் பூமியை நடுவில் அசையாமல் வைத்தார்; அதைச் சுற்றி வானம் வட்டமாக மட்டுமே சுழலும் என்றார். அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த தாலமி, அந்த வானத்தில் கோள்கள் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று கணக்கிட முறை வகுத்தார்.

அல்பிரூனி இவற்றை மதித்துப் படித்தார். ஆனால் பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஏற்றுக்கொள்ளவில்லை. தம்மைவிட ஏழு வயது இளையவரான இப்னு ஸீனாவுக்கு 18 கேள்விகளை எழுதி அனுப்பினார். அவற்றில் 10 கேள்விகள் வானம் பற்றிய அரிஸ்டாட்டிலின் நூலைக் குறித்தவை. வானம் முட்டை வடிவில் இருக்கக் கூடாதா, வேறு உலகங்கள் இருக்க முடியாதா என்றெல்லாம் கேட்டார். வந்த பதில்கள் சிலவற்றில் நிறைவடையாமல் திரும்பவும் எழுதினார்.

பூமியே நடுவில் என்ற கருத்திலிருந்து அவரும் விலகவில்லை. ஆயினும் பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று கொண்டாலும் வானியல் கணக்கு கெடாது என்பதை ஒளிக்காமல் எழுதினார்.

கஸ்னாவில்

1017-இல் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றி, அல்பிரூனியையும் கஸ்னாவுக்குக் கொண்டுபோனார். தாமாக விரும்பிப் போன பயணம் அல்ல அது. மறு ஆண்டு காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் கையில் கருவி ஏதும் இல்லாமல் இருந்தார். கணக்குப் பலகையைத் திருப்பி, அதன் பின்புறத்தில் வட்டவில் வரைந்து, தூக்குநூல் கட்டிச் சூரியனின் உயரத்தை அளந்தார். முதல் இல்லை, இடம் இல்லை என்று நாம் தள்ளிப்போடும் காரியங்கள் இதைப் படிக்கும்போது நினைவுக்கு வருகின்றன.

1025-இல் முடித்த ஒரு நூலில், ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கண்டு கஸ்னாவின் கிப்லாவைக் கணக்கிட்டார். இதற்குப் பூமியின் அளவும் தெரிய வேண்டும். கிரேக்கரான எரட்டோஸ்தெனிஸ் இரண்டு ஊர்களின் நண்பகல் நிழலை ஒப்பிட்டு அதைக் கணக்கிட்டிருந்தார். கலீஃபா மஃமூனின் ஆட்கள் பாலைவனத்தில் நடந்தே ஒரு பாகை தூரத்தை அளந்தார்கள். அல்பிரூனி ஒரே ஒரு மலையை வைத்துச் செய்தார். இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டைக்கு அருகே, சமவெளியை நோக்கிய மலை அது. அதன் உயரம் சுமார் 652 முழம் என்று முதலில் கண்டார். பிறகு உச்சியில் ஏறி, அடிவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். அரைப் பாகைக்குச் சற்றே அதிகம், 34 கலை. பூமி பெரிதாக இருக்க இருக்க அந்தத் தாழ்வு குறையும். எனவே உயரத்தையும் கோணத்தையும் கொண்டு பூமியின் ஆரத்தைப் பெற்றார். இன்றைய அளவுக்கு அது நெருங்கியே இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சைன், கொசைனைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்த நமக்கு, அது எதற்கு என்று அப்போது யாராவது இந்த மலையைக் காட்டியிருக்கலாம்.

ரோமர்களின் மாதம்

கஸ்னாவில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை அவரே எழுதிவைத்திருக்கிறார். தொழுகை நேரம் பார்க்கும் ஒருவருக்கு அல்பிரூனி ஒரு கருவி தந்தார். அதில் ரோமர்களின் சூரிய மாதங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஹிஜ்ரி மாதம் பிறையைப் பின்பற்றி ஆண்டுக்கு 11 நாள் முன்னே நகர்கிறது. நிழலின் நீளமோ சூரியனைப் பொறுத்தது. அதனால் சூரிய மாதம் தேவைப்பட்டது. அந்த மனிதர் அது மாற்றாரின் மாதம் என்று வாங்க மறுத்தார். ரோமர்கள் சாப்பிடவும் செய்கிறார்கள், சந்தையில் நடக்கவும் செய்கிறார்கள், அப்படியானால் அவை இரண்டையும்கூட விட்டுவிடும்படி அல்பிரூனி அவருக்குச் சொன்னார்.

தேக்காவில் எல்லா இனத்தாரோடும் சந்தையில் நடக்கும் நமக்கு இது நன்றாகப் புரியும். நம் தொழுகை அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமம். இருந்தும் மஃரிபு நவம்பர் தொடக்கத்தில் 6.50 மணியை ஒட்டியும் பிப்ரவரி நடுவில் 7.20 மணியை ஒட்டியும் வருகிறது. சூரியன் வானத்தில் கடிகாரம்போல் சீராகச் செல்லாததே காரணம். இதற்கான திருத்தக் கணக்கு தாலமியின் நூலிலேயே இருக்கிறது. கிரேக்கர் கண்டதை நம் முன்னோர் சோதித்துத் திருத்தித் தொழுகைக்குப் பயன்படுத்தினார்கள்.

இந்தியாவைப் படித்தவர்

மஹ்மூதின் படையெடுப்புகளால் திறந்த வழியில்தான் அல்பிரூனி இந்தியாவுக்கு வந்தார். ஆனால் அவர் தேடியது ஏட்டை. நடுவயதில் சமஸ்கிருதம் கற்றார். பண்டிதர்களிடம் கேட்டு, 1030-இல் இந்தியாவைப் பற்றி 80 அத்தியாயங்களில் ஒரு நூல் எழுதினார். ஆரியபட்டரையும் பிரம்மகுப்தரையும் கிரேக்கர்களோடு ஒப்பிட்டார். இலங்கைக்கு எதிரே உள்ள இராமேசுவரமும் சேதுவும்கூட அதில் இடம்பெற்றுள்ளன. பிறர் மார்க்கத்தை அவர்களே சொல்லுகிறபடி எடுத்துரைத்தார். தமக்குத் தவறு என்று பட்டதையும் மறைக்கவில்லை. தம்மை ஆண்ட மஹ்மூதின் படையெடுப்புகள் அந்நாட்டின் செழிப்பை அழித்தன, கல்வி அங்கிருந்து தூரமாய் விலகிப்போயிற்று என்று எழுதவும் அவர் தயங்கவில்லை.

அடுத்த சுல்தான் மஸ்ஊதுக்குத் தம் பெரிய வானியல் நூலை 11 பாகங்களில் சமர்ப்பித்தார். அதற்குப் பரிசாக வந்த யானைச்சுமை வெள்ளியைத் தமக்குத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார் என்று சொல்வார்கள்.

இறுதி நாள்

1048-ஆம் ஆண்டு வாக்கில் கஸ்னாவில் அவர் மூச்சுத் திணறிக் கிடந்தபோது மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவர் பார்க்க வந்தாராம். முன்பு அவர் விளக்கிய ஒரு வாரிசுரிமைக் கணக்கை அல்பிரூனி மீண்டும் கேட்டார். இந்த நிலையிலா என்று வந்தவர் இரங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேல் அல்லவா என்றார் அல்பிரூனி. அறிஞர் விளக்கிவிட்டு வெளியேறித் தெருவில் நடக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.

நம் பிள்ளைகள் வார நாளில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் படிக்கிறார்கள். வார இறுதியில் மதரஸாவுக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நாமே சுவர் எழுப்பிவிட வேண்டாம். மே 28-ஆம் நாள் மாலை 5.18 மணியளவில் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே இருக்கும். அன்று பிள்ளைகளை வீட்டருகே ஒரு திடலுக்கு அழைத்துச் சென்று ஒரு குச்சியை நட்டுக் காட்டுவோம். நிழலின் நுனியிலிருந்து குச்சியை நோக்கினால் அதுவே நம் கிப்லா. அல்பிரூனியின் கதையை அங்கே நின்றே சொல்லலாம்.

பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.