வலி நின்றால் நரம்பு சரியாயிடுச்சா? கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்டின் கதை

அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் கிளட்சைப் பிடித்து நிற்கும்போது விரல்கள் மரத்துப்போகுதா? ராத்திரி கை எரிந்து விழித்து, உதறிவிட்டுப் படுக்கிறீங்களா? கொஞ்ச நாளில் வலி நின்னுட்டா, சரியாயிடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. வலி போய் மரப்பு மட்டும் மிஞ்சினால், நரம்பு இன்னும் மோசமாகிவிட்டது என்பதாகவும் இருக்கலாம்.

வலியில்லாமல் போவது எவ்வளவு ஆபத்து என்று காட்டியவர் ஒருவர், பெங்களூரிலிருந்து சென்னை போகும் வழியில் இருக்கும் வேலூரில் வேலை பார்த்தார். அவர்தான் டாக்டர் பால் பிராண்ட்.

யார் இவர்?

1914-ல் ஆங்கிலேய மிஷனரி தம்பதிக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். கட்டட வேலை பழகிய பால், பிறகு லண்டனில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார்.

செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்துக்கு ஒருமுறை போனபோது, விரல்கள் மடங்கிய நோயாளி ஒருவர் அவர் கையைப் பிடித்தார். வலிக்கிற அளவுக்கு இறுக்கமான பிடி! அப்போதுதான் பிராண்டுக்குப் புரிந்தது: கை முழுசா செத்துப்போகலை. சில நரம்புகள்தான் போயிருக்கு, முன்கைத் தசைகள் பல நல்லாவே இருக்கு.

எப்போது கத்தி எடுத்தார்?

தொழுநோயில் முழங்கை, மணிக்கட்டு போன்ற, தோலை ஒட்டி ஓடும் இடங்களில்தான் நரம்பு வீங்கி நசுங்குகிறது. ஆரம்பத்திலேயே கவனித்தால் மருந்தால் மீள வாய்ப்புண்டு. பிராண்டிடம் வந்த பலருக்கோ நரம்பு எப்போதோ செயலிழந்திருந்தது. அதனால் நல்ல தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தினார். அதிலும் அவசரப்படக் கூடாது. நோய் அடங்கணும், பாதிப்பு மேலும் கூடாமல் நிலைக்கணும், பிசியோதெரபியில் மூட்டுகள் இளகணும். அப்புறம்தான் கத்தி.

விரல் அசைந்தாலும் உணர்ச்சி திரும்பாது. தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணராத காயங்களால்தான் குறைகின்றன என்று பிராண்ட் கண்டறிந்தார். தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியாத நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

உங்களுக்கு எப்போது?

மணிக்கட்டில் நரம்பு லேசாக அழுந்தினால் முதலில் ராத்திரி ஸ்பிளின்ட் போட்டுப் பார்ப்பார்கள். மரப்பு விடாமல் இருந்தாலோ, பொருளைப் பிடிக்க முடியாமல் நழுவினாலோ, கட்டைவிரலின் அடிமேடு சப்பிப்போனாலோ ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. தசை வற்றிய பிறகு செய்தால் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம்.

கண்ணாடி கிழித்து விரல் மரத்துப்போனால், நரம்பு அறுந்திருக்கலாம். சில நாட்களுக்குள் சேர்ப்பது நல்லது.

பைக் விபத்தில் தோள் நரம்பு இழுபட்டுக் கை தூக்க முடியலைன்னா, தானாகத் திரும்புதான்னு சில வாரம் கவனிப்பார்கள். அசைவு வராவிட்டால் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள் ஆபரேஷன். காரணம் எளிய கணக்கு. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். தோளிலிருந்து உள்ளங்கைக்கு 60 சென்டிமீட்டர் என்றால் 600 நாள். நரம்பு இல்லாத தசையோ 12 முதல் 18 மாதத்தில் மீட்க முடியாதபடி கெட்டுவிடும். அதனால், காத்திருக்கும் மாதங்களிலும் டாக்டரிடம் திரும்பத் திரும்பக் காட்டணும். வீட்டில் சும்மா இருந்தால் அந்த நாட்கள் வீண்.

1960-ல் லாஸ்கர் விருது பெற்ற பிராண்ட், 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதங்களைக் காப்பதிலும் ஈடுபட்டார். 2003-ல் காலமானார்.

இன்று ராத்திரி இரண்டு உள்ளங்கைகளையும் விளக்கடியில் வைத்துப் பாருங்கள். ஒரு கட்டைவிரல் மேடு மட்டும் தட்டையாகத் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் டாக்டரைப் பாருங்க.