வி. கே. கிருஷ்ண மேனன்

வெங்காலில் கிருஷ்ணன் கிருஷ்ண மேனன் (மே 3, 1896 - அக்டோபர் 6, 1974) இந்திய அரசியல்வாதி, வழக்கறிஞர், இராசதந்திரி. இந்திய விடுதலைக்காக இலண்டனில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியாவின் குரலாக விளங்கியவர். 1957 முதல் 1962 வரை இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். இந்திய வான்படைக்குத் தேவையான வானூர்திகளையும் உலங்கு வானூர்திகளையும் வெளிநாடுகளில் வாங்குவதைக் குறைத்து, உரிமம் பெற்று உள்நாட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்ற கொள்கையை இவர் முன்னெடுத்தார். மிக்-21 போர் வானூர்தி உடன்பாடு இவர் காலத்தில் செய்யப்பட்டதாகும். 1962 ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரில் இந்தியா அடைந்த தோல்வியை அடுத்துப் பதவி விலகினார்.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ண மேனன் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை கோமத்து கிருஷ்ண குறுப்பு வழக்கறிஞர். மேனன் கோழிக்கோடு சாமூதிரி கல்லூரியில் பயின்ற பின் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்றபோது அன்னி பெசண்ட் அம்மையாரின் தொடர்பு ஏற்பட்டது. பிரம்மஞான சபையின் பணிகளிலும் தன்னாட்சி இயக்கத்திலும் ஈடுபட்டார். 1924 ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்றார்.

இலண்டன் வாழ்க்கை

இலண்டன் பொருளியல் பள்ளியில் அரசியல் அறிஞர் ஹரால்டு லாஸ்கியிடம் மேனன் பயின்றார். 1934 இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். இந்தியா லீக் என்னும் அமைப்பின் செயலாளராக இருந்து, இந்திய விடுதலைக்கு ஆதரவாகப் பிரித்தானிய மக்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் பரப்புரை செய்தார். ஜவகர்லால் நேருவின் நெருங்கிய நண்பரானார். இலண்டனின் செயின்ட் பாங்ராஸ் பகுதி நகரவை உறுப்பினராக 1934 முதல் 1947 வரை பணியாற்றினார். பெங்குவின் பதிப்பகத்தின் பெலிக்கன் நூல் வரிசைக்குத் தொடக்க கால ஆசிரியர்களுள் ஒருவராகவும் இருந்தார்.

ஜீப் விவகாரம்

விடுதலைக்குப் பின் 1947 முதல் 1952 வரை மேனன் பிரித்தானியாவுக்கான இந்திய உயர் ஆணையராக இருந்தார். படைத்துறைக் கொள்முதலில் இவருக்குக் கிடைத்த முதல் அனுபவம் கசப்பானதாக அமைந்தது. 1948 இல் காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருந்தபோது தரைப்படைக்கு ஜீப் வண்டிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி, ஏறத்தாழ 80 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் மேனன் கையெழுத்திட்டார். பணத்தின் பெரும்பகுதி முன்னதாகவே கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்த 155 வண்டிகள் பயன்படுத்தத் தக்கவையாக இல்லை. நாடாளுமன்றத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1955 இல் அரசு இவ்விவகாரத்தை முடித்துவைத்தது. எனினும் பின்னாளில் இவர் செய்த ஒவ்வொரு கொள்முதலையும் எதிர்க்கட்சியினர் ஐயத்துடன் நோக்குவதற்கு இது காரணமாயிற்று.

ஐக்கிய நாடுகள் அவையில்

1952 முதல் ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியத் தூதுக்குழுவில் இடம்பெற்றார். கொரியப் போர்க் கைதிகள் சிக்கல், சூயசு நெருக்கடி ஆகியவற்றில் முக்கியப் பங்காற்றினார். 1957 சனவரியில் பாதுகாப்பு அவையில் காஷ்மீர் குறித்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் உரையாற்றினார். 1953 இல் சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954 இல் பத்ம விபூசண் விருது பெற்றார். 1956 இல் துறை இல்லாத அமைச்சராக நேருவின் அமைச்சரவையில் சேர்ந்தார்.

பாதுகாப்பு அமைச்சர்

1957 பொதுத் தேர்தலில் வடக்கு பம்பாய்த் தொகுதியில் வென்ற மேனன், அவ்வாண்டு ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சரானார். பாகிஸ்தான் 1954 முதல் அமெரிக்காவின் படைத்துறை உதவியைப் பெற்றுவந்ததால், இந்தியா பிரித்தானியாவிடமிருந்து ஹண்டர், கான்பெரா வானூர்திகளையும் பிரான்சிடமிருந்து மிஸ்டேர் வானூர்திகளையும் வாங்க முடிவு செய்திருந்தது. இவற்றுக்கான செலவு முழுவதும் அந்நியச் செலாவணியாகும். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் தொழிற்சாலைகளுக்கும் அதே செலாவணி தேவைப்பட்டது. 1957-58 இல் நாட்டில் கடும் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்க்கும் மேனனுக்கும் இடையே படைச்செலவு தொடர்பாக அடிக்கடி கருத்து வேறுபாடு நிலவியது.

வெளிநாட்டு வானூர்தியை வாங்குவதுடன் செலவு முடிவதில்லை. அதன் உதிரிப் பாகங்கள், வெடிபொருட்கள், பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவற்றுக்கும் அது பறக்கும் காலம் முழுவதும் விற்ற நாட்டையே நம்பியிருக்க வேண்டும். போர்க்காலத்தில் அந்நாடு வழங்கலை நிறுத்திவிட்டால் வானூர்திகள் தரையிலேயே நிற்கும். எனவே உரிமம் பெற்று உள்நாட்டில் தயாரிப்பதே தீர்வு என மேனன் கருதினார். 1958 இல் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி நிறுவனம் உருவாக்கப்பட்டது. செருமனியின் மான் நிறுவனத்தின் உரிமத்துடன் சக்திமான் சரக்குந்துகள் தயாரிக்கப்பட்டன. பிரித்தானியாவின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் 1961 இல் செய்த உடன்பாட்டின்படி, சென்னையை அடுத்த ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை அமைந்தது. சைனிக் பள்ளிகள் இவர் காலத்தில் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962 இல் நிறுவப்பட்டது.

அவ்ரோ 748

பழைய டக்கோட்டா போக்குவரத்து வானூர்திகளுக்கு மாற்றாக, பிரித்தானியாவின் அவ்ரோ 748 வானூர்தியைத் தயாரிக்க 1959 இல் உரிமம் பெறப்பட்டது. பெங்களூரில் இந்துஸ்தான் வானூர்தி நிறுவனம் இருந்தபோதும், இப்பணி கான்பூரில் இருந்த வான்படைப் பணிமனையிடம் ஒப்படைக்கப்பட்டது. வான்படை அதிகாரி ஹர்ஜிந்தர் சிங் இதற்குத் தலைமை தாங்கினார். அங்கு உருவான முதல் வானூர்தி 1961 நவம்பரில் பறந்தது. உயர்ந்த மலைத்தளங்களுக்கு இவ்வானூர்தி போதுமான திறன் உடையதல்ல என்ற குறை கூறப்பட்டது. தேர்வு செய்யும்போது விலை, உரிமம், தயாரிப்பு வசதி ஆகியவற்றுக்குக் கொடுத்த முதன்மையைப் பயன்பாட்டுக்குக் கொடுக்கவில்லை என்பது திறனாய்வாளர்களின் கருத்தாகும்.

மலைகளுக்கான உலங்கு வானூர்திகள்

1959 இல் இந்திய-சீன எல்லையில் மோதல்கள் ஏற்பட்ட பின், லடாக்கிலும் வடகிழக்கு எல்லைப்புறப் பகுதியிலும் இருந்த காவல் நிலைகளுக்குச் சாலை வசதி இல்லாதது பெரும் சிக்கலாயிற்று. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. அதனால் உலங்கு வானூர்தியின் சுழலிகள் தரும் தூக்குவிசையும் இயந்திரத்தின் ஆற்றலும் குறைகின்றன. சமவெளியில் பலரைச் சுமக்கும் வானூர்தி மலையில் ஓரிருவரையே சுமக்க இயலும். ஆகவே விற்பனையாளர் தரும் அளவுகளைக் கொண்டு மட்டும் உலங்கு வானூர்தியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இத்தேவைக்காகச் சோவியத் ஒன்றியத்திலிருந்து மில் எம்.ஐ-4 உலங்கு வானூர்திகளும் அன்டோனவ் ஏ.என்-12 போக்குவரத்து வானூர்திகளும் வாங்கப்பட்டன. இவற்றுக்குரிய விலையை ரூபாயில் செலுத்த முடிந்தமை இந்தியாவுக்குப் பெரும் வசதியாக இருந்தது. சிறிய வகைக்குப் பிரான்சின் சூட் ஏவியேசன் நிறுவனத்தின் அலுவெட் 3 தேர்ந்தெடுக்கப்பட்டது. இது 1960 இல் ஆல்ப்ஸ் மலையின் மோண்ட் பிளாங்க் சிகரத்திலும், இமயமலையில் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள தேவ் திப்பா சிகரத்திலும் இறங்கிக் காட்டியது. 1962 இல் இதற்கான உரிம உடன்பாடு செய்யப்பட்டது. சேட்டக் எனப் பெயரிடப்பட்ட இவ்வகை 1965 முதல் பெங்களூரில் தயாரானது. 300 க்கும் மேற்பட்டவை உருவாக்கப்பட்டன.

மாருத்தும் அதன் இயந்திரமும்

செருமானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் எச்.எப்-24 மாருத் என்னும் போர் வானூர்தி வடிவமைக்கப்பட்டது. இது 1961 சூன் 17 இல் முதன்முதலாகப் பறந்தது. ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் செல்ல வேண்டும் என்பது தொடக்கத் திட்டமாகும். அதற்கெனக் கருதப்பட்ட ஆற்றல் மிக்க ஓர்ப்பியூஸ் 12 இயந்திரம் பிரித்தானியாவில் உருவாக்க நிலையிலேயே இருந்தது. அதன் உருவாக்கச் செலவில் இந்தியா பங்கேற்க வேண்டும் எனக் கேட்கப்பட்டபோது இந்திய அரசு இணங்கவில்லை. இறுதியில் குறைந்த ஆற்றல் கொண்ட ஓர்ப்பியூஸ் 703 இயந்திரங்களே பொருத்தப்பட்டன. இதனால் மாருத் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. உடற்பகுதியை உள்நாட்டில் வடிவமைத்தாலும் இயந்திரத்துக்குப் பிறரைச் சார்ந்திருந்தால் தற்சார்பு முழுமையாகாது என்பதற்கு மாருத் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. 1971 போரில் பங்கேற்ற மாருத் 1990 வரை பயன்பாட்டில் இருந்தது.

மிக்-21 உடன்பாடு

1961 இல் பாகிஸ்தான் அமெரிக்காவிடமிருந்து எப்-104 ஸ்டார்பைட்டர் வானூர்திகளைப் பெற்றது. இவை ஒலியைப் போல் இரு மடங்கு வேகம் கொண்டவை. இந்தியாவிடம் இதற்கு இணையான வானூர்தி இல்லை. பிரித்தானியாவின் லைட்னிங், பிரான்சின் மிராஜ் 3 ஆகியவை ஆராயப்பட்டன. மாருத்துக்கு இயந்திரம் தேடிச் சோவியத் ஒன்றியத்துடன் நடத்திய பேச்சுகளின் தொடர்ச்சியாக மிக்-21 வானூர்தியை உரிமத்துடன் தயாரிக்கும் வாய்ப்பும் எழுந்தது.

செய்தி வெளியானதும் மேற்கு நாடுகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. பிரித்தானியாவும் அமெரிக்காவும் லைட்னிங் வானூர்தியைச் சலுகை விலையில் தர முன்வந்தன. இந்தியாவுக்கான பொருளாதார உதவியைக் குறைக்க வேண்டும் என அமெரிக்க மேலவையில் கோரிக்கை எழுந்தது. இந்தியாவிலும் எதிர்ப்புக் குரல்கள் இருந்தன. மேற்கத்திய வானூர்திகளுக்குப் பழகிய வான்படையில் சோவியத் கருவிகளையும் சேர்த்தால் பயிற்சியும் பராமரிப்பும் சிக்கலாகும் என்பது ஒரு வாதம். மிக்-21 நீண்ட தொலைவு பறக்க இயலாதது என்பது மற்றொரு வாதம். விலையை ரூபாயில் செலுத்தும் வசதியும் முழுமையான தயாரிப்பு உரிமமும் மேனனின் வாதத்துக்கு வலுச் சேர்த்தன. 1962 ஆகத்தில் உடன்பாடு செய்யப்பட்டது.

ஆனால் உடன்பாட்டுக்கும் வானூர்தி கைக்கு வருவதற்கும் இடையே காலம் தேவைப்பட்டது. இரண்டு மாதங்களில் போர் மூண்டது. முதல் மிக்-21 வானூர்திகள் 1963 இலேயே இந்தியா வந்து சண்டிகரில் நிறுத்தப்பட்டன. நாசிக், கோராபுட், ஐதராபாத் ஆகிய இடங்களில் முறையே உடற்பகுதி, இயந்திரம், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றுக்கான தொழிற்சாலைகள் அமைந்தன.

1962 போரும் பதவி விலகலும்

1959 இல் பதவி உயர்வுகள் தொடர்பான கருத்து வேறுபாட்டால் தரைப்படைத் தளபதி திம்மையா பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நேருவின் வேண்டுகோளால் அதைத் திரும்பப் பெற்றார். படை அதிகாரிகளுக்கும் மேனனுக்கும் இடையேயான உறவு அதன் பின் சீரடையவில்லை. பாகிஸ்தானையே முதன்மையான அச்சுறுத்தலாக மேனன் கருதினார்.

1962 அக்டோபர் 20 இல் சீனப் படைகள் தாக்கின. இந்திய வீரர்களிடம் பழைய துப்பாக்கிகளே இருந்தன. குளிருக்கு ஏற்ற உடைகளும் வெடிபொருட்களும் போதவில்லை. வானிலிருந்து போடப்பட்ட பொருட்களில் பெரும்பகுதி பள்ளத்தாக்குகளில் விழுந்து வீணாயின. அதே வேளையில், புதிதாக வாங்கிய ஏ.என்-12 வானூர்திகள் லடாக்கின் சுசூலுக்கு ஏ.எம்.எக்ஸ்-13 பீரங்கி வண்டிகளைக் கொண்டு சேர்த்தன. எம்.ஐ-4 உலங்கு வானூர்திகள் காயமடைந்தோரை மீட்டன. தாக்குதல் வானூர்திகளைப் பயன்படுத்த அரசு அனுமதிக்கவில்லை. படைத்தளவாடத் தொழிற்சாலைகளில் காப்பி வடிகட்டும் கருவிகள் தயாரானதை எதிர்க்கட்சியினர் கடுமையாகச் சாடினர். அக்டோபர் 31 இல் மேனனிடமிருந்து பாதுகாப்புத் துறை எடுக்கப்பட்டுப் பாதுகாப்புத் தயாரிப்புத் துறை மட்டும் வழங்கப்பட்டது. நவம்பர் 7 இல் அமைச்சரவையிலிருந்தும் விலகினார். ஒய். பி. சவான் புதிய பாதுகாப்பு அமைச்சரானார்.

இறுதிக் காலம்

1967 தேர்தலில் காங்கிரசு வாய்ப்பு மறுத்ததால் சுயேச்சையாகப் போட்டியிட்டுத் தோற்றார். 1969 இடைத்தேர்தலில் மேற்கு வங்காளத்தின் மிதுனாப்பூரிலிருந்தும், 1971 இல் திருவனந்தபுரத்திலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1974 அக்டோபர் 6 இல் தில்லியில் காலமானார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

மதிப்பீடு

மேனனைப் பற்றிய கருத்துகள் இன்றும் இருவேறாகவே உள்ளன. படை அதிகாரிகளுடன் பிணங்கி, உடனடித் தேவைகளைக் கவனிக்காமல் நாட்டைப் போருக்கு ஆயத்தமின்றி விட்டவர் என ஒரு சாரார் கூறுவர். நிதித் தட்டுப்பாட்டுக்கு இடையிலும் வானூர்தித் தொழிலுக்கு அடித்தளம் இட்டவர் என மற்றொரு சாரார் கூறுவர். தொழிற்சாலைகள் பயன்தரப் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன. எல்லையில் அவருக்குக் கிடைத்ததோ ஐந்து ஆண்டுகளே. மிக்-21 வானூர்திகள் 1965, 1971 போர்களில் பங்கேற்று, 2025 செப்டம்பர் 26 இல் இந்திய வான்படையிலிருந்து ஓய்வு பெற்றன. சேட்டக், சீட்டா உலங்கு வானூர்திகளுக்கு மாற்றாக 197 உலங்கு வானூர்திகளை வாங்கும் முயற்சி 2007 இலும் 2014 இலும் கைவிடப்பட்டது. விலை, தொழில்நுட்ப உரிமம், நடைமுறை, காலம் ஆகிய நான்கையும் ஒருங்கே நிறைவு செய்யும் கொள்முதல் மேனனின் காலத்துக்குப் பின்னரும் இந்தியாவுக்கு எளிதாக வாய்க்கவில்லை.